கடலடி எரிவாயுக் குழாய்: சென்னைக்கு வருகிறதா, புயலில் உடையுமா?

வேளச்சேரிவாசி
3 டிசம்பர் 2024, மாலை 6.20

எங்கள் அடுக்குமாடியில் குழாய் காஸ் கொடுக்க அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். சங்கக் கூட்டத்தில் ஒருவர், "இது வங்கக் கடல் கிணற்றிலிருந்து கடலுக்கடியில் குழாய் போட்டு நேராக எண்ணூருக்கு வருகிறது, அடுத்த புயலில் குழாய் உடைந்தால் கடற்கரை முழுக்கத் தீதான்" என்று அடித்துச் சொல்கிறார். ஃபெஞ்சல் இப்போதுதான் போயிருக்கிறது, எல்லோருக்கும் வயிற்றில் புளி. பாதிப் பேர் சிலிண்டரே போதும் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பார்ஜ்காரன்
3 டிசம்பர் 2024, இரவு 9.05

எந்தக் கடல் கிணற்றிலிருந்தும் எண்ணூருக்குக் குழாய் கிடையாது. கப்பலில் வருகிறது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயிலின் எல்என்ஜி, அதாவது திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019ல் திறந்தது, ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன். இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி 600ல் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும். அப்படிக் கப்பலில் வந்ததை இங்கே சூடேற்றி மறுபடி வாயுவாக்கித் தரைக்கடிக் குழாயில் விடுகிறார்கள். உங்கள் அடுப்புக்கு வந்து சேரும்போது அழுத்தம் 21 மில்லிபார். சிலிண்டர் ரெகுலேட்டரைவிடக் குறைவு. மீத்தேன் காற்றைவிட லேசானது, கசிந்தால் ஜன்னல் வழியே மேலே போய்விடும். சிலிண்டர் வாயு கனமானது, தரையில் தேங்கும். உங்கள் சங்கக்காரர் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டார்.

3 டிசம்பர் 2024, இரவு 9.30

ஆனால் தமிழ்நாட்டுக்கே கடலடி எரிவாயுக் குழாய் இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று இருக்கிறது, இங்கே பலருக்குத் தெரியாது. பிஒய்-1 என்ற வயல், காவிரிப் படுகையின் கடல் பகுதி. ஹிந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளொரேஷன் கம்பெனி 2009 கடைசியில் எடுக்கத் தொடங்கியது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கடலடியில் வந்து, திருக்கடையூர் பக்கம் பிள்ளைபெருமாள்நல்லூரில் கரையேறுகிறது. அங்கேயே எரிவாயு மின்நிலையமும் உண்டு. வாயு தங்கியிருப்பது வழக்கமான மணற்பாறையில் அல்ல, வெடிப்பு விட்ட கருங்கல்லில். அதில் எவ்வளவு கிடைக்கும் என்று கணிப்பது பெரிய தலைவலி, எதிர்பார்த்த அளவு வரவும் இல்லை.

திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் கடற்கரைப் பக்கமும் போய்ப் பாருங்கள். குழாய் தெரியாது. தெரியாமல் இருந்தால்தான் அது சரியாகப் போட்ட குழாய்.

4 டிசம்பர் 2024, காலை 7.10

"புயல் அடித்தால் உடையாதா என்பதற்குப் பதில் சொல்லவே இல்லையே" என்று மூன்று பேர். சரி.

புயல் மேலே நடக்கும் கூத்து. எட்டு விநாடிக்கு ஓர் அலை வந்தால், ஆழ்கடலில் அதன் அலைநீளம் 100 மீட்டர் வரும். அதில் பாதி, அதாவது 50 மீட்டர் ஆழத்துக்குக் கீழே அந்த அலையால் தண்ணீர் அநேகமாக அசையாது. புயல் அலை நீளமாக இருக்கும், இன்னும் கீழே எட்டும். 10 விநாடி அலை என்றால் 78 மீட்டர் வரை. அதற்கும் கீழே கிடக்கும் குழாய்க்கு, மேலே என்ன புயல் என்பதே தெரியாது. கரைக்குப் பக்கத்தில்தான் சிக்கல். அங்கே அலை தரையைத் தொடும், மணலை அரிக்கும். அதனால் கரையோரத்தில் பள்ளம் வெட்டிப் புதைத்துவிடுவார்கள்.

இன்னொன்று, இது பலருக்கு நம்ப முடியாது. எரிவாயுக் குழாய் அப்படியே போட்டால் மிதக்கும். கணக்குப் போடுங்கள்: 30 அங்குலக் குழாய், சுவர் தடிமன் 16 மில்லிமீட்டர் அளவு, ஒரு துண்டு 12.2 மீட்டர். எஃகின் எடை சுமார் 3.5 டன். அது இடம்பெயர்க்கும் கடல்நீரின் எடை 5.7 டன். உள்ளே இருப்பது வாயு. இரண்டு டன்னுக்கு மேல் அதை மேலே தள்ளுகிறது கடல். அதனால்தான் வெளியே கான்கிரீட் பூசுகிறார்கள். வீடு கட்டும் ஜல்லி இல்லை, இரும்புத் தாது கலந்தது, கனமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே. அதற்கு உள்ளே துரு பிடிக்காத பூச்சு. அதற்கு மேல் சில துண்டுகளுக்கு ஒன்றாக அலுமினியக் கலவையில் வளையல் மாதிரி ஆனோடு. பூச்சு எங்காவது கீறினால் எஃகுக்குப் பதில் அது கரையும்.

4 டிசம்பர் 2024, இரவு 11.40

"நீங்கள் யார், எல்லாம் தெரிந்தவர் மாதிரி எழுதுகிறீர்கள்" என்று கேட்ட தம்பிக்கு: குழாய் போடும் பார்ஜில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தேன். பெரும்பாலும் மும்பைப் பக்கம், கொஞ்ச நாள் காக்கிநாடா. இப்போது திருவொற்றியூரில் சும்மா இருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு எழுத நேரம்.

பார்ஜ் என்றால் கப்பல் என்று நினைக்காதீர்கள். மிதக்கும் தொழிற்சாலை. ஒரு பக்கத்தில் வரிசையாக நிலையங்கள், அதற்குப் பெயர் ஃபயரிங் லைன். முதல் நிலையத்தில் இரண்டு துண்டைச் சேர்த்து உள்வெல்டு, அடுத்ததில் நிரப்பு, அடுத்ததில் இன்னொரு அடுக்கு, பிறகு எக்ஸ்ரே, பிறகு மூட்டின் மேல் பூச்சு. எல்லா நிலையமும் பச்சை விளக்கு போட்டதும் மணி அடிக்கும், பார்ஜ் தன் நங்கூரக் கயிறுகளை இழுத்துக்கொண்டு 12 மீட்டர் முன்னே நகரும். குழாய் பின்னால் ஸ்டிங்கர் என்ற சாய்வுச் சட்டத்தின் மேல் வழுக்கிக் கடலுக்குள் இறங்கும். மேலே ஒரு வளைவு, தரையைத் தொடும் முன் எதிர்ப்பக்கம் ஒரு வளைவு. எஃகு வளையுமா என்று கேட்பார்கள். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்குப் பார்த்தால் முருங்கைக்காய் மாதிரி வளையும். நல்ல நாளில் இரண்டு மூன்று கிலோமீட்டர் போகும்.

அதில் என் வேலை பிலிம் பார்ப்பது. ஈரப் பிலிமை விளக்கில் வைத்து, உள்ளே ஒரு புள்ளி, ஒரு கீறல் தெரிகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் தலையாட்டும் வரை முந்நூறு பேர் வேலை நிற்கும். வெட்டி மறுபடி போடு என்று சொன்னால் பார்ஜ் முழுக்க என்னை முறைக்கும். நாள் வாடகை அவ்வளவு. திருச்சி வெல்டர்கள் சிலர் இருந்தார்கள், பெல் தொழிற்சாலைப் பக்கத்து ஆட்கள். அவர்கள் மூட்டு வந்தால் நான் நிம்மதியாகக் காபி குடிப்பேன். இன்ஸ்பெக்டர் அப்படிச் சொல்லக் கூடாதுதான்.

காற்று கூடினால் பெரிய வேலை. பார்ஜ் ஆடினால் இழுவிசை மாறும், இழுவிசை விட்டால் குழாய் கீழே மடங்கும். மடங்கிக் கிழிந்து உள்ளே தண்ணீர் ஏறினால் எடை பல மடங்கு கூடும், இழுத்துப் பிடிக்க முடியாது. அதனால் வானிலை எச்சரிக்கை வந்தால் குழாயின் முனையில் மூடி வெல்டு செய்து, வின்ச் கயிற்றில் கட்டி மெதுவாகத் தரையில் இறக்கி, மிதவை கட்டி விட்டுவிட்டு ஓட வேண்டும். கடல் அடங்கியதும் வந்து தேடி எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஒரு ராத்திரி அப்படி இறக்கும்போது மூடியின் கடைசி அடுக்கை வெல்டு செய்துகொண்டிருந்த ஆள் காலில் தண்ணீர் அடிக்க அடிக்க முடித்தார். அதற்கு எக்ஸ்ரே எடுக்க நேரமில்லை. நான் கண்ணால் பார்த்து, சரி என்றேன். எடுத்தபோது உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை.

மேற்குக் கடற்கரையில் இதெல்லாம் அக்டோபர் முதல் மே வரைதான். தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் பார்ஜ்கள் மூட்டை கட்டிவிடும்.

5 டிசம்பர் 2024, காலை 8.00

சாப்பாடு எப்படி என்று கேட்ட அக்காவுக்கு: சாம்பார் இருந்தது. அதைச் சாம்பார் என்று சமையல்காரர் சொன்னார்.

6 டிசம்பர் 2024, இரவு 10.20

சரி, பயத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்தவரை, தரையில் கிடக்கும் குழாய் நல்ல பிள்ளை. ஆபத்து இரண்டு முனையிலும்தான். அதிலும் கடல் முனை. அங்கே குழாய் தரையை விட்டு எழுந்து கடலில் கால் ஊன்றி நிற்கும் எண்ணெய்த் தளத்தின் காலோடு செங்குத்தாக மேலே ஏற வேண்டும். அதற்கு ரைசர் என்று பெயர். அலை அடிப்பதும் அதை, துரு பிடிப்பதும் அங்கே, கப்பல் இடிப்பதும் அங்கே. பக்கத்திலேயே மனிதர்கள் தூங்குகிறார்கள்.

1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற தளம். 167 பேர் செத்தார்கள். முதல் வெடிப்பு ஒரு பம்ப்பின் பராமரிப்புக் குளறுபடியில் வந்தது. ஆனால் தளத்தை அழித்தது குழாய்கள். பக்கத்துத் தளங்களோடு இணைந்த எரிவாயு ரைசர்கள் சூட்டில் கிழிந்தன. பல கிலோமீட்டர் குழாயில் அடைந்திருந்த வாயு அந்த ஒரே ஓட்டை வழியாக வந்து எரிந்தது. பக்கத்துத் தளங்களான டார்ட்டனும் கிளேமோரும் உடனே உற்பத்தியை நிறுத்தவும் இல்லை. அதற்குப் பிறகுதான், தளத்துக்குக் கொஞ்ச தூரத்தில் கடலடியிலேயே அடைப்பு வால்வு வைப்பது வழக்கமாயிற்று. மேலே என்ன நடந்தாலும் குழாயில் இருக்கும் வாயு தீக்குத் தீனி ஆகக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

நம்மூர்க் கதையும் உண்டு. 2005 ஜூலை 27, மும்பைக்கு அப்பால் கடலில் மும்பை ஹை எண்ணெய் வயலின் வடக்குத் தளம். மும்பை வெள்ளத்தில் மூழ்கியதற்கு மறுநாள். சமுத்ரா சுரக்ஷா என்ற துணைக் கப்பலில் சமையல்காரர் ஒருவருக்கு விரலில் வெட்டுக் காயம். அவரைத் தளத்துக்கு ஏற்றப் பக்கத்தில் வந்த கப்பல், அலையில் ஒதுங்கி ரைசரில் இடித்தது. வாயு கசிந்து தீப்பிடித்து இரண்டு மணி நேரத்தில் தளமே சரிந்தது. 22 பேர். விரல் வெட்டில் தொடங்கியது என்பதை நினைத்தால் இன்றும் என்னவோ செய்கிறது. காப்பாற்றப்பட்டவர்கள் முந்நூற்றுக்கும் மேல், அதையும் சொல்ல வேண்டும்.

7 டிசம்பர் 2024, மதியம் 1.15

"தரையில் கிடக்கும் குழாய் நல்ல பிள்ளை என்றால் நார்ட் ஸ்ட்ரீம் என்ன ஆயிற்று" என்று பெரம்பூர் நண்பர் மடக்கியிருக்கிறார். நியாயமான கேள்வி.

நார்ட் ஸ்ட்ரீம் 1,224 கிலோமீட்டர். ரஷ்யப் பக்கத்தில் 220 பார் அழுத்தத்தில் தள்ளினால் ஜெர்மனி வரை நடுவில் கம்ப்ரஸரே இல்லாமல் போய்ச் சேரும். 2022 செப்டம்பர் 26 அன்று நான்கு குழாயில் மூன்று வெடித்தன. அது குழாயின் குறை இல்லை, வேண்டுமென்றே வைத்த வெடி. கடல் மேல்மட்டத்தில் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குக் குமிழி கொதித்த படம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தீப்பிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பற்றவைக்க அங்கே எதுவும் இல்லை. உங்கள் சங்கக்காரரின் "கடற்கரை முழுக்கத் தீ"க்கு அதுவே பதில். ஆனால் அதே கொதிப்புக்கு நடுவே ஒரு படகு இருந்தால் மிதக்கும் விசை குறைந்து மூழ்கலாம், அது நிஜம்.

2023 அக்டோபர் 8ல் பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் நடுவே பால்டிக்கனெக்டர். ஒரு சரக்குக் கப்பலின் நங்கூரம் இழுபட்டுக் கிழித்தது, சரிசெய்ய அடுத்த ஏப்ரல் ஆயிற்று.

ஆகவே நான் சொன்னதைக் கொஞ்சம் நெருக்கிச் சொல்கிறேன். நங்கூரச் சங்கிலி எட்டாத ஆழத்தில் கிடக்கும் குழாய் நல்ல பிள்ளை. ஆழம் குறைந்த, கப்பல் நெரிசலான கடலில், முனை மட்டும் இல்லை, நடுவும் முனைதான். எண்ணூர் வெளியே வரிசையில் நிற்கும் கப்பல்களை எங்கள் தெரு மொட்டை மாடியிலிருந்து பார்க்கலாம். அந்த வழியாக யாராவது குழாய் போடுகிறேன் என்று வந்தால் நானே எதிர்த்து மனு எழுதுவேன்.

9 டிசம்பர் 2024, இரவு 9.50

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இந்த இழையைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "வெடிக்குமா வெடிக்காதா என்று எழுதியிருக்கிறாய், வலை மாட்டுமா மாட்டாதா என்று எழுதவே இல்லையே" என்றார்.

மாட்டும். இழுவலையின் இரண்டு பக்கமும் கனமான பலகை தரையை உரசிக்கொண்டு வரும். புதைத்த குழாய்க்கு மேலே சிக்கல் இல்லை. தரையில் மேடு பள்ளம் இருந்து, குழாய் ஓர் இடத்தில் தரையைத் தொடாமல் பாலம் மாதிரி நின்றால் பலகை அதன் அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அப்போது குழாய்க்கு ஒன்றும் ஆகாது, கயிற்றை வெட்டாவிட்டால் படகுதான் சாயும். அந்தத் தொங்கும் இடங்களை நாங்கள் வேறு காரணத்துக்காகத் தேடுவோம். நீரோட்டம் அடியில் சுழன்று போகும்போது குழாய் அதிர ஆரம்பிக்கும், வருடக்கணக்கில் அதிர்ந்தால் வெல்டு களைத்துப் போகும். அதற்காகக் கல் கொட்டி முட்டுக் கொடுப்பார்கள், அல்லது சிமெண்டு மூட்டை வைப்பார்கள். மீனவருக்காக யாரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்து நல்லது நடந்தது, அவ்வளவுதான்.

தளத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் படகு வரக் கூடாது என்பது விதி. தளத்தின் கால்களைச் சுற்றித்தான் மீன் கூடும். நண்பர் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

12 டிசம்பர் 2024, காலை 6.45

மழை. மின்சாரம் போய் வந்தது. விட்டுப்போன ஒன்று: ஆழத்தில் கிடக்கும் நடுக்குழாய்க்கு வெளியேதான் ஆபத்து இல்லை, உள்ளே உண்டு. தண்ணீர்.

கிணற்றிலிருந்து வரும் வாயு ஈரமாக வரும். ஆழ்கடல் தரையில் வெப்பநிலை மூன்று நான்கு டிகிரி. அந்தக் குளிரில் 40 பாருக்கு மேல் அழுத்தம் இருந்தால் மீத்தேனும் தண்ணீரும் சேர்ந்து ஐஸ் மாதிரி உறைந்து குழாயை அடைக்கும். ஹைட்ரேட் என்பார்கள். பூஜ்ய டிகிரிக்கு மேலேயே உறையும் என்பதுதான் அதன் குசும்பு. தீப்பெட்டி காட்டினால் அந்த ஐஸ் எரியும். அடைப்பின் ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தை இறக்கி எடுக்கப் பார்த்தால், அது கழன்று துப்பாக்கிக் குண்டு மாதிரி ஓடி வளைவில் இடித்துக் குழாயையே உடைக்கும். அதனால் இரண்டு பக்கமும் பொறுமையாக இறக்கிக் கரைய விட வேண்டும். சில சமயம் வாரக்கணக்கில்.

வராமல் தடுக்கக் கிணற்றுத் தலையிலேயே கிளைகால் என்ற திரவத்தை ஊற்றுவார்கள். கார் ரேடியேட்டரில் ஊற்றும் அதே சரக்கு. அது தண்ணீரோடு கரைக்கு வரும், கரையில் காய்ச்சிப் பிரித்து, தனிச் சிறு குழாயில் மறுபடி கடலுக்கு அனுப்புவார்கள். திரவம் தேங்கித் தேங்கிக் கட்டியாக வந்து மோதும், அதைப் பிடிக்கக் கரையில் கால்பந்து மைதானம் அளவு குழாய் அடுக்கு வைத்திருப்பார்கள். ஸ்லக் கேட்சர். அப்புறம் பிக் என்ற உருளையை உள்ளே விட்டு வாயு அழுத்தத்திலேயே தள்ளிச் சுத்தம் செய்வார்கள். சில பிக் உள்ளே போகிற வழியெல்லாம் சுவர் தடிமனை அளந்துகொண்டே வரும்.

வாயுவுக்கு வாசனை கிடையாது என்பதும் பலருக்குத் தெரியாது. அடுக்களையில் நாறுவது கரையில் சேர்க்கும் மெர்காப்டன். கடல் தளத்தில் கசிந்தால் மூக்கை நம்ப முடியாது, கருவிதான்.

12 டிசம்பர் 2024, மாலை 5.30

"வங்கக் கடல் வாயு ஏன் குஜராத் போகிறது, நமக்கு ஏன் கப்பலில் வருகிறது?" இது அரசியல் கேள்வி, ஆனாலும் குழாய்க் கணக்கும் இருக்கிறது.

கேஜி-டி6, அதாவது ஆந்திரக் கரைக்கு அப்பால் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் உள்ள எரிவாயு வயல், கண்டுபிடித்தது 2002. உற்பத்தி 2009 ஏப்ரல். கரையேறும் இடம் காக்கிநாடா அருகே காடிமோகா. அங்கிருந்து குஜராத்தின் பரூச் வரை நாட்டைக் குறுக்கே வெட்டி 1,400 கிலோமீட்டர் அளவுக்குத் தரைக் குழாய் போட்டார்கள். வாங்குகிறவர்கள் அங்கேதான் இருந்தார்கள்: உர ஆலை, மின்நிலையம், ஏற்கெனவே இருந்த குழாய் வலை. மும்பை ஹை, பசேன் வயல்களின் வாயு குஜராத்தின் ஹசீராவுக்குச் சுமார் 230 கிலோமீட்டர் கடலடிக் குழாயில் வந்து, அங்கிருந்து வடக்கே போகும் ஏற்பாடு 1980களிலேயே தொடங்கியது. காக்கிநாடா–சென்னைக் குழாயும் பேசப்பட்டது, நடக்கவில்லை. 2010ல் ஒரு நாளைக்கு 6 கோடி கன மீட்டர் தொட்ட வயல், அடுத்த சில ஆண்டுகளில் சரிந்து, அந்த முதல் கிணறுகள் 2020 பிப்ரவரியில் நின்றன. சென்னைக்குக் குழாய் போட்டிருந்தால் காலிக் குழாய்க்கு நாம் கட்டணம் கட்டிக்கொண்டிருப்போம் என்று என் சகலை சொல்வார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். 2020 டிசம்பரில் அதே பகுதியில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் ஆர் கிளஸ்டர் வந்தது, பிறகு இன்னும் இரண்டு வயல்கள். குழாய் இருந்திருந்தால் பயன்பட்டிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

15 டிசம்பர் 2024, இரவு 8.10

ஓமானிலிருந்து அரபிக் கடல் அடியில் இந்தியாவுக்குக் குழாய் வருமா? 1990களிலிருந்து பேசுகிறார்கள். ஆழம் சுமார் 3,500 மீட்டர், அதாவது வெளியிலிருந்து 350 பார் நசுக்கும். தடிமனான எஃகில் செய்யலாம், ஒத்துக்கொள்கிறேன். கருங்கடலில் புளூ ஸ்ட்ரீம் 2,150 மீட்டரில் 20 ஆண்டுக்கு மேலாகக் கிடக்கிறது. என் சந்தேகம் போடுவதில் இல்லை. ஓட்டை விழுந்தால் யார் போவது? முக்குளிப்பவர் வேலை செய்யும் ஆழம் 300 மீட்டர் வரைதான். அதற்குக் கீழே எல்லாம் இயந்திரக் கை. வெட்டி, தூக்கி, இணைப்புப் போட மாதக்கணக்கு ஆகும். கப்பல் ஒன்று கெட்டால் இன்னொரு கப்பல் வரும். விலை இரண்டும் ஒன்று என்றால் நான் கப்பல் பக்கம்.

16 டிசம்பர் 2024, காலை 9.25

இந்த வேலைக்கு எப்படிப் போவது என்று கேட்ட, மெக்கானிக்கல் டிப்ளமா முடித்த தம்பிக்கு. முதலில் வெல்டிங் இன்ஸ்பெக்ஷன் சான்றிதழ், என்டிடி (உடைக்காமல் சோதிக்கும் முறை) லெவல் 2. காட்டுப்பள்ளியில் கடல் தளம் கட்டும் முற்றம் இருக்கிறது, அங்கே இரண்டு வருடம் வெயிலில் நில். அதன்பிறகு கடலுக்குப் போக ஹெலிகாப்டர் பயிற்சி: கூண்டில் கட்டி நீச்சல் குளத்தில் தலைகீழாக முக்குவார்கள், நீயே பெல்டைக் கழற்றி வெளியே வர வேண்டும். முகவருக்குப் பணம் கட்டாதே, எவனாக இருந்தாலும்.